இருபத்துநான்காம் தேதி வந்துவிடுவேன்

தண்ணீர்ப் பம்புகளுக்கு உதிரிபாகம் விற்கும் அந்த நிறுவனத்தில் முப்பத்துநான்கு பேர் வேலை பார்த்தார்கள். கீழே கிடங்கு, மேலே இரண்டு மாடி அலுவலகம். யார் விடுப்பில் போனாலும், அவர்களுக்கு வரும் மின்னஞ்சல்களுக்குத் தானாகப் போகிற பதிலை எழுதி வைப்பது ஒரே ஆள்தான். வரவேற்பு மேசைக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் நாற்பத்தொன்பது வயதுப் பெண். அவளுக்குப் பதிலக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. அவளைவிட ஐந்து வயது மூத்த கிடங்குக்காரரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். முதலாளி மட்டும் 'ஏம்மா' என்பார், அதுவும் காரியம் ஆக வேண்டுமென்றால்.

பட்டம் வந்த கதை கொஞ்சம் சிரிப்பான கதை. பத்து வருஷத்துக்கு முன்னால் விற்பனைக்காரரும் கொள்முதல்காரரும் ஒரே நாளில் விடுப்பில் போனார்கள். இரண்டு பேரும் 'நான் விடுப்பில் இருக்கிறேன்' என்று தத்தம் மின்னஞ்சல் பெட்டியில் பதில் வைத்துவிட்டுத்தான் போனார்கள். போகிற போக்கில் விற்பனைக்காரர் மற்றவருக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டார். அந்தப் பெட்டி 'நான் விடுப்பில்' என்றது. உடனே இந்தப் பெட்டி 'நானும் விடுப்பில்' என்றது. நான்கு நாள், ஆளில்லாத இரண்டு பெட்டிகள் பதினோராயிரம் தடவை ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டிருந்தன. ஐந்தாம் நாள் காலையில் அலுவலகத்தில் யாருக்குமே மின்னஞ்சல் வரவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் வந்துபோகும் கம்ப்யூட்டர்காரர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். இனிமேல் ஓர் ஆளுக்கு ஒரு பதில்தான் போகும், அதே ஆள் மறுபடி எழுதினால் பெட்டி வாய் திறக்காது என்று ஒரு பூட்டுப் போட்டார். முதலாளி தன் பங்குக்கு, யாரும் தன்னிஷ்டத்துக்குப் பதில் வைக்கக்கூடாது, வரவேற்பில் இருக்கிற அம்மாவிடம் விட்டுவிடுங்கள் என்று உத்தரவு போட்டார்.

அந்த அம்மாவும் சும்மா ஆள் இல்லை. இங்கே வருவதற்கு முன் பதினோரு வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். 'டாக்டர் இல்லை' என்றால் காதைக் கிழிக்கிற மாதிரி கத்துகிறவர்கள், 'நாலு மணிக்கு வந்துடுவார்' என்றால் நாலு மணிவரை மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பதை அங்கேதான் பார்த்தாள். இல்லை என்பதை மனிதர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். எப்போது என்று தெரியாததைத்தான் தாங்க முடிவதில்லை. நாள் சொன்னால் மனுஷன் தாங்குவான் என்பது அவளுக்கு வேதவாக்கு.

அதனால் அவள் எழுதிய விடுப்புப் பதில் மற்ற நிறுவனங்களில் வருவது போல் மொட்டையாக இருக்காது. 'உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. மகிழ்ச்சி. நான் இப்போது ஊரில் இல்லை. இந்தத் தேதி வந்துவிடுவேன். வந்ததும் முதல் வேலையாக உங்களைத்தான் கவனிப்பேன். அதுவரை பொறுத்திருங்கள். நீங்கள் காத்திருப்பதை மறக்க மாட்டேன்.' இவ்வளவுதான். அடியில், அவசரமாக உதிரிபாகம் தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் ஒரு தொலைபேசி எண். தேதியையும் பெயரையும் மாற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். முதலாளிக்கும் இதேதான், வண்டி ஓட்டுகிறவருக்கும் இதேதான்.

இப்படிப் போகிற பதிலின் தலைப்பில் 'தானியங்கிப் பதில்' என்று ஒரு வரி தானாகவே ஒட்டிக்கொள்ளும். அது அவள் கண்ணை உறுத்தியது.

"அது மெஷின் அனுப்புறதுன்னு தெரியறதுக்குக்கா. இருந்துட்டுப் போகட்டுமே," என்றார் கம்ப்யூட்டர்காரர்.

"வீடு தேடி வந்தவங்க கதவைத் தட்டினா, 'நான் கதவு பேசுறேன்'னு கதவு சொல்லுமா தம்பி? எடுத்துடுங்க."

"அப்புறம் ஆளே உட்கார்ந்து எழுதினதுன்னு நினைச்சுப்பாங்க."

"நினைச்சா நல்லதுதானே."

அவர் எடுத்துவிட்டார். நல்லதாகத்தான் இருந்தது. வாடிக்கையாளர்கள் அந்தப் பதிலுக்கும் பதில் போட்டார்கள். 'மெதுவாக வாருங்கள்', 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்றெல்லாம் வந்தன. பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் புருஷனுக்குத்தான் இதில் கேலி. "ஊருக்கெல்லாம் உங்களை மறக்க மாட்டேன்னு எழுதுற. எனக்கு ஒரு நாள் எழுதியிருக்கியா?" என்பார். "நீங்க என்னிக்கு எங்க போனீங்க, மறக்கிறதுக்கு?" என்பாள் இவள்.

இன்னொரு விஷயத்திலும் அவளுக்குப் பெருமை உண்டு. பதில் வைக்க வேண்டுமென்றால் அடுத்தவர் பெட்டியைத் திறந்தாக வேண்டும். படிக்காத கடிதங்கள் தடித்த எழுத்தில் வரிசையாகக் கிடக்கும். ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. தபால்காரன் கடுதாசியைப் பிரிக்கலாமா என்பாள். முப்பத்துநான்கு பெட்டியின் சாவியும் அவள் கையில் இருந்தும் ஒரு வம்பு வெளியே கசிந்ததில்லை. அவ்வளவு அழுத்தக்காரி.

கிடங்குக்காரர் விடுப்பே எடுக்காத மனிதர். ஆயிரத்துச் சொச்சம் வகை உதிரிபாகத்தில் எந்த ரப்பர் வளையம் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். மனைவி காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகள், வெகுதூரத்தில் இன்னொரு ஊரில். அவளுக்குப் பிரசவம் என்றதும்தான் முதல் தடவையாக இரண்டு வாரத்துக்கு மாடிப்படி ஏறி வந்து நின்றார்.

"எத்தனை நாளைக்குப் போடட்டும் சார்?"

"பதினாறாம் தேதி வந்துடுவேன்கா. குழந்தை பத்துக்குள்ள பிறந்துடும்னு சொல்லியிருக்காங்க."

"குழந்தை காலண்டர் பார்த்துட்டா வரும்?"

"எங்க வீட்டுப் பிள்ளை. சொன்ன தேதிக்கு வந்துடும்."

அவள் சிரித்துக்கொண்டே பதினாறு என்று அடித்தாள். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மனிதர், ஒரு மாசம் கேட்டாலும் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். அவரைப் பற்றி அவளுக்கு வேறு ஒன்றும் தெரியாது. எப்போதோ ஒரு படிவம் நிரப்பும்போது, "கூடப் பிறந்தவங்க?" என்று கேட்டிருக்கிறாள். "ஒரு தம்பி இருந்தான்," என்றார். இருந்தான் என்கிறாரே, பாவம், போய்ச் சேர்ந்துவிட்டான் போலிருக்கிறது என்று இவள் மேலே கேட்கவில்லை.

குழந்தை காலண்டர் பார்க்கவில்லை. பதின்மூன்றாம் தேதி காலையில் அவரிடமிருந்து போன் வந்தது. இன்னும் வலியே எடுக்கவில்லையாம், எட்டு நாள் கூடச் சேர்த்து இருபத்துநாலு என்று போட்டுவிடுங்கள் என்றார். அவள் அவர் பெட்டியைத் திறந்தாள். பதினாறை அழித்து இருபத்துநான்கு என்று எழுதினாள். சேமித்துவிட்டு மூடப்போகும்போது, தடித்த எழுத்து வரிசையின் நடுவில் ஒரு தலைப்பு கண்ணில் பட்டது. 'அண்ணா, நான்தான்.' இரண்டு நாள் இடைவெளியில் அதே பெயரிலிருந்து இரண்டு கடிதங்கள். பெயருக்கு முன்னால் இருந்த முதலெழுத்து கிடங்குக்காரரின் முதலெழுத்தேதான்.

இல்லாமல் போன தம்பி எப்படி எழுதுவான்?  கை மவுஸின் மேலேயே இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் திறந்துவிடும். சித்தப்பா மகனோ பெரியப்பா மகனோ இருப்பான், அவர் வந்து பார்த்துக்கொள்வார், நமக்கெதற்கு என்று மூடினாள். அவருக்கு ஒரு போன் போட்டு, 'உங்களுக்கு இப்படி ஒரு பேர்ல கடிதம் வந்திருக்கு சார்' என்று சொல்லியிருந்தால் எவன் தலையை வெட்டியிருப்பான்? அதைச் சொல்லவும் தோன்றவில்லை. தோன்றியது என்றுதான் பிறகு அவள் நினைத்தாள். தோன்றியது, சொன்னால் பெட்டியை நோட்டம் விட்டதாக நினைப்பார் என்று விட்டுவிட்டோம். அப்படித்தான் நடந்திருக்க வேண்டும்.

இருபத்திரண்டாம் தேதி மதியம் வரவேற்பு போன் அடித்தது. ஒரு பெண் குரல். ஏதோ ஓர் ஊரின் பெயரைச் சொல்லி, அங்குள்ள ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டிலிருந்து பேசும் நர்ஸ் என்றது. கிடங்குக்காரரின் முழுப் பெயரைச் சொல்லி, இருக்கிறாரா என்று கேட்டது.

"லீவுல இருக்காரும்மா. என்ன விஷயம்?"

"அவர் தம்பி எங்க வார்டுல இருந்தார். நேத்து விடியக்காலையில தவறிட்டார். குளிர்பெட்டியில வச்சிருக்கோம். வேற யாரும் வரமாட்டாங்க, அண்ணன் மட்டும்தான், அவர் இருபத்துநாலாம் தேதி வந்துடுவார், அதுவரைக்கும் என்னை யார்கிட்டயும் கொடுத்துடாதீங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்கார். அதான் கேக்குறேன், அண்ணன் உறுதியா வர்றாரா?"

"இருபத்துநாலுன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"அண்ணன் பேர்ல கடிதம் வந்திருக்கே. காகிதம் தலைமாட்டுல இருந்துச்சு. என் கையிலதான் இருக்கு, படிக்கவா?" என்ற நர்ஸ் படிக்கத் தொடங்கினாள். "உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. மகிழ்ச்சி. நான் இப்போது ஊரில் இல்லை. இருபத்துநான்காம் தேதி வந்துவிடுவேன். வந்ததும் முதல் வேலையாக உங்களைத்தான் கவனிப்பேன்."

பதிலக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் எழுதிய வரிகள், முகம் தெரியாத பெண்ணின் வாயில், ஒவ்வொன்றாக வந்தன. பொறுத்திருங்கள் என்றது. காத்திருப்பதை மறக்க மாட்டேன் என்றது. பத்து வருஷமாக எத்தனையோ பேருக்குப் போன வரிகள்தான். சத்தம் போட்டுப் படித்து அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

"இன்னொரு காகிதமும் இருக்கு. அதுல பதினாறுன்னு போட்டிருக்கு. மத்ததெல்லாம் அப்படியேதான். முதல்ல எங்களுக்கு ஒண்ணும் தெரியலை. இன்னிக்குக் காலையில நான் அந்த மெயிலுக்குத் தகவல் எழுதினேன். எனக்கும் இதே கடிதம் வந்துச்சு, ஒரு எழுத்து மாறாம. மெஷின் அனுப்புறதுன்னு அப்பத்தான் புரிஞ்சுது. அதுலேயே இந்த நம்பரும் இருந்துச்சு."

"அவருக்கு, தம்பிக்கு, இது தெரியுமா?"

"தெரியாதும்மா. அண்ணன் எழுதினதுன்னே நினைச்சுட்டுப் போனார்."

நர்ஸிடம் வந்துவிடுவார் என்று சொன்னாள். பிறகு கிடங்குக்காரருக்குப் போன் செய்தாள். எடுத்ததும், "பேத்தி பிறந்து ரெண்டு நாள் ஆச்சுக்கா, தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க," என்றார். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அவரைப் பேசவிட்டு, எடை எவ்வளவு, யார் ஜாடை என்றெல்லாம் கேட்டுவிட்டு, பிறகு சொன்னாள். மறுமுனையில் வெகுநேரம் குழந்தையின் சத்தம் மட்டும் வந்தது. "எந்த ஊர் ஆஸ்பத்திரி?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

ஓர் ஆளுக்கு ஒரு பதில்தானே போகும், இரண்டாவது காகிதம் எப்படி வந்தது? இந்தக் கேள்வி அவளைப் பிடுங்கித் தின்றது. அடுத்த நாள் கம்ப்யூட்டர்காரர் படியேறும்போதே மறித்துக் கேட்டாள்.

"தேதியை மாத்தி சேவ் பண்ணினா, யார் யாருக்குப் பதில் போச்சுங்கிற பழைய லிஸ்ட் அழிஞ்சுடும்கா. அப்புறம் எழுதுறவங்களுக்கு மறுபடியும் முதல்ல இருந்து போகும். நான் சொல்லலையா?"

"சொல்லலை."

"ஏன்கா, ஏதாவது சிக்கலா?"

"இல்ல," என்றாள். முதல் தேதியை நம்பி ஒருவன் இருந்திருக்கிறான். அந்தத் தேதி நெருங்கும்போது இன்னொரு தேதியைக் கையில் கொடுத்தது அவளே. பெட்டியின் மேல் பழியைப் போடக்கூட வழியில்லாமல் போயிற்று.

கிடங்குக்காரர் சொன்ன தேதிக்கு அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். இருபத்துநான்காம் தேதி காலையில் உடலை வாங்கி, அங்கேயே காரியத்தை முடித்தார் என்று தகவல் வந்தது. அலுவலகத்துக்கு ஒன்றாம் தேதி வருவதாகச் சொன்னாராம். அந்த ஒரு வாரமும் பதிலக்கா மூன்று பேருக்கு விடுப்புப் பதில் வைக்க வேண்டியிருந்தது. தேதியை அடிக்கும் இடம் வந்ததும் விரல் நின்றுவிடும். இதை யார் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கட்டிலில் படுத்திருக்கிறார்களோ என்று தோன்றும். 'தானியங்கிப் பதில்' என்ற வரியைத் திரும்பப் போடச் சொன்னாள். போட்டார்கள். போட்ட பிறகும் அந்தக் குரல் போகவில்லை. பாத்திரம் கழுவினால் கேட்டது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கேட்டது. தம்பியின் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. நர்ஸின் குரலில்தான் அவன் அவளிடம் வந்தான்.

"உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்றார் புருஷன். "சாப்பிடற தட்டுல கோலம் போட்டுட்டு இருக்க."

அவள் நடந்ததை எல்லாம் சொன்னாள். அவர் வழக்கம்போலக் கேலி செய்யவில்லை. "திறந்து பார்த்திருந்தா திட்டு வாங்கியிருப்ப. அவ்வளவுதானே?" என்றார்.

அவ்வளவுதான். ஒரு திட்டு. அந்த ஒரு திட்டுக்குப் பயந்ததற்குத்தான் நேர்மை என்று பெயர் வைத்திருந்தோமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அவர் பெட்டியின் பதிலை நிறுத்துவதற்காக ஒருமுறை திறந்தபோது, அந்தப் பெயரில் இப்போது நான்கு கடிதங்கள் இருப்பதைப் பார்த்தாள். நான்கும் தடித்த எழுத்தில். திறக்காமலே மூடினாள். இந்த முறை பெருமையாக இல்லை.

ஒன்றாம் தேதி கிடங்குக்காரர் வந்தார். நேராகக் கீழே போய்விட்டார். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போன பிறகு உள்போன் அடித்தது.

"அக்கா, கொஞ்சம் கீழ வந்துட்டுப் போக முடியுமா?"

திட்டட்டும் என்று நினைத்துக்கொண்டேதான் படியிறங்கினாள். கிடங்கில் ரப்பரும் கிரீஸும் கலந்த வாடை. இரும்புத் தட்டுகளுக்கு நடுவே அவர் மேசை. கம்ப்யூட்டரில் அவர் பெட்டி திறந்திருந்தது. மொட்டையடித்த தலையில் முடி லேசாக முளைத்திருந்தது. இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அவன் கடிதம் நாலு இருக்கு. எனக்குக் கை வரமாட்டேங்குது. நீங்க படிச்சுச் சொல்லுங்க."

"நான் அடுத்தவங்க கடிதத்தை..."

"தெரியும். அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன்." அவர் தட்டுகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எங்கம்மா கடைசியில அவன் வீட்லதான் இருந்தாங்க. உடம்பு முடியலைன்னு ஒரு செவ்வாய்க்கிழமை போன் பண்ணினான். உடனே கிளம்பட்டுமான்னு கேட்டேன். அவசரமில்லண்ணா, ஞாயித்துக்கிழமை வா, போதும்னான். வெள்ளிக்கிழமை போயிட்டாங்க. நான் போனப்போ எல்லாம் முடிஞ்சு வீட்டைக் கழுவி விட்டிருந்தாங்க. அன்னிக்குப் பேச்சை விட்டதுதான். ஒன்பது வருஷம். அவன் நம்பர்ல இருந்து எனக்குக் கால் வராம பண்ணி வச்சேன்."

அவர் திரையை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"இப்ப என் பேர்ல போயிருக்கு, பொறுத்திரு, இருபத்துநாலு வரேன்னு. அன்னிக்கு நீ சொன்னதை இன்னிக்கு உனக்கு நான் சொல்றேங்கிற மாதிரி இருக்கு பாருங்க. பழி வாங்கிட்டேன்னு நினைச்சுட்டே போயிட்டானா? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அவள் முதல் கடிதத்தைத் திறந்து சத்தமாகவே படித்தாள். எட்டாம் தேதி எழுதியது. "அண்ணா, நான்தான். ஆஸ்பத்திரியில இருக்கேன். ஈரல் போயிடுச்சு. டாக்டர் பத்து நாள், மிஞ்சினா ரெண்டு வாரம்கிறார். அம்மா விஷயத்துல நான் நாளைத் தப்பா கணிச்சுட்டேன். வேணும்னு பண்ணலை. அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லணும்."

இரண்டாவது, பத்தாம் தேதி. "உன் பதில் வந்துச்சு. நர்ஸம்மாகிட்ட சொல்லிக் காகிதத்துல எடுத்துத் தரச்சொல்லி வச்சிருக்கேன். என்னைப் போய் நீங்கள், உங்கள்னு எழுதியிருக்க. கோபம் உனக்கு மரியாதையாத்தானே வெளிய வரும். பரவாயில்ல. அவசரமா உதிரிபாகம் வேணும்னா போன் பண்ணச் சொல்லியிருக்க. எனக்கு வேண்டிய உதிரிபாகம் உங்க கிடங்குல இருக்காது. பதினாறுக்கு இன்னும் ஆறு நாள்தான். இருப்பேன்."

கிடங்குக்காரரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது, பதினான்காம் தேதி. "நாளை மறுநாள் வந்துடுவ. வார்டு மூணாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யலை. உனக்கு முட்டி வலி உண்டே, நிதானமா ஏறு. நான் எங்கயும் போயிட மாட்டேன்."

இந்தக் கடிதத்துக்குத்தான் பெட்டி இரண்டாவது முறை வாய் திறந்திருக்கிறது. நான்காவது கடிதத்தை முதலில் கண்ணால் படித்தாள். ஒரே வரி. இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தாள். கோபமில்லை, பழியில்லை, அவ்வளவுதான் சார் என்று எழுந்துவிட்டால் இந்த மனிதர் நிம்மதியாக இருப்பார். திரை இவர் பக்கம் திரும்பியிருக்கவில்லை. ஒரு பொய்தான். ஆனால் கண்ணில் பட்டதைச் சொல்லாமல் மூடியது ஒரு தடவை போதாதா?

"பதினஞ்சாம் தேதி எழுதியிருக்கார்," என்றாள். "இருபத்துநாலா. சரி அண்ணா. முயற்சி பண்றேன்."

வெளியே சரக்கு வண்டி ஒன்று வந்து நின்று, யாரும் வராததால் இரண்டு முறை ஹாரன் அடித்தது. கிடங்குக்காரர் எழுந்திருக்கவில்லை.

"அவர் பழின்னு நினைக்கலை சார். எங்கயும் நினைக்கலை," என்றாள் அவள். பிறகு நிறுத்த முடியாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். "அந்தப் பதிலை எழுதினது நான். மெஷின் அனுப்புறதுன்னு தெரியற வரியை எடுக்கச் சொன்னதும் நான்தான். பதின்மூணாம் தேதி உங்க பெட்டியில அவர் பேரைப் பார்த்தேன். அண்ணா நான்தான்னு போட்டிருந்துச்சு. பார்த்துட்டும் உங்ககிட்ட சொல்லலை. சொல்லியிருந்தா நீங்க அவரை உயிரோட பார்த்திருப்பீங்க. என்னைத் திட்டிடுங்க சார்."

அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"அவன் இதுக்கு முன்னாடியும் எழுதியிருக்கான்கா. இதே பெட்டிக்கு. வருஷத்துக்கு ஒண்ணு, ரெண்டு. பேரைப் பார்த்ததும் திறக்காமலே அழிச்சுடுவேன். நீங்க சொல்லியிருந்தாலும், அழிச்சுடுங்கன்னுதான் சொல்லியிருப்பேன். நான் இந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தா, அவனுக்குப் பதிலே போயிருக்காது."

 திட்டியிருந்தால் பதிலக்கா அழுதுவிட்டு மேலே போயிருப்பாள். இந்த மனிதர் தன் பாரத்தையும் எடுத்து அவள் பாரத்தின் பக்கத்திலேயே வைத்துவிட்டார். யாருடையது எது என்று பிரிக்க முடியவில்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்தவை. மடித்து மடித்து மடிப்பு நைந்து போயிருந்தது. மேசையில் வைத்து விரித்து, கையால் தேய்த்துவிட்டார்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? இதை நான் எழுதினதா வச்சுக்கலாமா?"

அவள் காகிதத்தில் அவர் பெயர் இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"உங்க பேர்லதான் சார் போயிருக்கு," என்றாள்.

அவர் தலையாட்டினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தம்பிக்குத் தான் என்ன எழுதியிருக்கிறோம் என்று முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.